சிவப்பு போன கண்ணுக்கு ரெட்டினா பரிசோதனை எதற்கு?

கேள்வி இது: அக்கா மகனுக்கு 13 வயது. மூன்று வாரத்துக்கு முன் ஷட்டில் ஆடும்போது காக் இடது கண்ணில் பட்டுவிட்டது. கருவிழிக்குப் பின்னால் கொஞ்சம் ரத்தம் தேங்கி, சொட்டு மருந்திலும் ஓய்விலும் ஒரு வாரத்தில் கரைந்தது. இப்போது வலி இல்லை, சிவப்பு இல்லை, போர்டில் கடைசி வரி வரை படிக்கிறான். ஆனாலும் டாக்டர், "ரெட்டினா ஓரத்தை இன்னும் பார்க்கவில்லை, கட்டாயம் வாருங்கள்" என்கிறார். அவசியமா? அப்படி ஏதாவது இருந்தால் என்ன ஆபரேஷன் செய்வார்கள்?

போங்கள். இந்த வாரமே போங்கள். டாக்டர் சும்மா இழுத்தடிக்கிறாரோ என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. விழித்திரை, அதாவது ரெட்டினா சிகிச்சையில் பல வருஷமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அன்றைக்கே பார்க்காமல் மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிடுவதுதான் முறை. விழித்திரையின் ஓரம் தெரிய வேண்டுமென்றால் கண்ணை வெளியிலிருந்து லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்த கண்ணை முதல் சில நாட்களில் அழுத்தினால், அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய் மறுபடி திறந்துகொள்ளலாம். இரண்டாவது கசிவு பெரும்பாலும் முதல் கசிவைவிட மோசமாக இருக்கும். அதனால்தான் மூன்று, நான்கு வாரம் பொறுக்கிறோம். அவர் பொறுத்தது சரி. நீங்கள் இனிமேல் பொறுத்தால்தான் தப்பு.

கடைசி வரி படிக்கிறானே என்கிறீர்கள். அந்தப் போர்டு சோதிப்பது விழித்திரையின் நட்டநடுவில் இருக்கும் மாக்குலாவை மட்டும்தான். அதிலும் எழுத்துப் படிக்கிற கூர்மை இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள குழிக்குள். மிச்ச விழித்திரை முழுக்கக் கிழிந்து கிடந்தாலும் அந்தக் குழி ஒட்டியிருக்கும் வரை பையன் 6/6 படிப்பான். வலிக்குமே என்றால், விழித்திரையில் வலி நரம்பே கிடையாது. கருவிழியில் ஒரு தூசி விழுந்தால் ஊரைக் கூட்டுகிற கண், உள்ளே திரை கிழிந்தால் முனகக்கூட முனகாது.

அடி எப்படி உள்ளே போகிறது என்பதைச் சொன்னால், ஓரத்தை ஏன் தேடுகிறோம் என்பது புரியும். கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் இருக்கிறது. கிரிக்கெட் பந்து அளவுக்குப் பெரிய பொருள் வந்தால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். முகம் வீங்கும், எலும்பு உடையும், கண் பல சமயம் தப்பிவிடும். ஷட்டில் காக்கின் தக்கை அப்படியல்ல. அதன் விட்டம் 25 முதல் 28 மில்லிமீட்டர். கண்ணின் விட்டம் ஏறக்குறைய 24. சட்டிக்கு ஏற்ற மூடி மாதிரி நேராக வந்து உட்காரும். கிட்டிப்புள்ளின் புள், கோலிக்குண்டு, பைக்கில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி எல்லாம் இதே ரகம். இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவர், பின்னால் இருக்கும் கூட்டாளி என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்கிற நொடியில் வாங்கும் அடியை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் நிரப்பிய பலூனை முன்னாலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். கண்ணும் அப்படித்தான், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. கண்ணுக்குள் இருப்பது வெறும் தண்ணீரும் அல்ல. சிறு வயதில் அது நுங்குச் சதை மாதிரி கெட்டியான கூழ், விட்ரியஸ். இந்தக் கூழ் விழித்திரையோடு எல்லா இடத்திலும் ஓரளவு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விழித்திரை முடிகிற விளிம்பில் மட்டும் சுற்றிலும் ஒரு பட்டையாக, பிய்க்க முடியாதபடி ஒட்டியிருக்கும். கண் பக்கவாட்டில் பிதுங்கும்போது வெளிச்சுவர் விரிகிறது, கூழ் அந்த வேகத்துக்கு விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது விளிம்பு. தைத்த ஓரம் பிரிகிற மாதிரி விழித்திரை அங்கே சுவரை விட்டுப் பிரிந்துவிடும். இதை டயாலிசிஸ் என்போம். சிறுநீரக டயாலிசிஸுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டு மயங்கி விழப்போன அம்மாக்கள் உண்டு, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பிரிவது பெரும்பாலும் கண்ணின் வெளிப்பக்கக் கீழ்மூலையில். அங்கே மூக்கின் காவலும் இல்லை, புருவத்தின் காவலும் இல்லை. அடுத்தபடியாக மூக்குப் பக்கத்து மேல்மூலை. அந்த இடத்தில் விளிம்பு பிரிந்திருந்தால், நோயாளி ஞாபகமில்லை என்று சொன்னாலும், எப்போதோ அடி பட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வோம். பள்ளியில் விழுந்த அறை, வீட்டில் விழுந்த அடி என்று சில சமயம் மூன்றாவது முறை வரும்போதுதான் வெளியே வரும். "கதவு இடிச்சிடுச்சு" என்று சொல்லும் பெண்களிடம் நான் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி கேட்பேன்.

இந்த வயதில் கண்ணைக் காப்பாற்றுவதும் நம்மை ஏமாற்றுவதும் அந்தக் கூழ்தான். அறுபது வயதுக்காரருக்குக் கூழ் நீர்த்துப்போயிருக்கும். விழித்திரையில் ஓட்டை விழுந்தால் நீர் அதன் பின்னால் புகுந்து சில நாட்களிலேயே விழித்திரை சுவரை விட்டு விலகிவிடும். கண்ணில் திரை போட்ட மாதிரி இருக்கிறது என்று அவர் ஓடி வருவார். பையனுக்குக் கூழ் கெட்டியாக இருப்பதால் பிரிந்த விளிம்பை அதுவே அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் சொட்டுச் சொட்டாகத்தான் பின்னால் போகும். 1966ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து காக்ஸ், ஷெப்பன்ஸ், ஃப்ரீமன் மூவரும் வெளியிட்ட ஆய்வை இன்றும் பாடத்தில் சொல்வார்கள். மழுங்கிய அடியால் விழித்திரை விலகியவர்களில், அடிபட்ட உடனே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 12 சதவீதம்தான். ஒரு மாதத்துக்குள் என்று கணக்கிட்டால் 30, எட்டு மாதத்துக்குள் 50, இரண்டு வருஷத்துக்குள் 80. மிச்சம் 20 பேர் அதற்கும் பிறகு. இது விலகல் வந்தவர்களுக்குள் எடுத்த கணக்கு, அடிபட்ட எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. அடி வாங்கிய பெரும்பாலான கண்களில் ஓரம் நன்றாகவே இருக்கும். எந்தக் கண்ணில் நன்றாக இருக்கிறது என்பது பார்க்காமல் தெரியாது, அவ்வளவுதான்.

கீழே வெளிப்பக்கம் விலகினால் பார்வையில் மறைவது மூக்குப் பக்கத்து மேல்மூலை. அந்த மூலையை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும். பையனுக்கு ஒன்றும் தெரியாது. போலீஸ் தேர்வுக்கான உடல் பரிசோதனையில் ஒரு கண்ணை மூடச் சொன்னபோதுதான் மற்ற கண் மங்கல் என்று தெரிந்து வந்த ஓர் இளைஞனை மறக்க முடியவில்லை. உள்ளே பார்த்தால் கோயில் குளத்துப் படிகளில் தண்ணீர் நின்று நின்று இறங்கிய பாசிக் கோடுகள் போல, விழித்திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிறக்கோடுகள். அப்படி ஒரு கோடு விழ வேண்டுமானால் நீர் அந்த மட்டத்தில் மாதக்கணக்கில் நின்றிருக்க வேண்டும். நான்காவது கட்டத்தில்தான் அது மாக்குலாவைத் தொட்டிருக்கிறது. அடி எப்போது பட்டது என்று கேட்டேன். யோசித்து யோசித்து, எட்டாம் வகுப்பில் ரப்பர் பந்து பட்டதைச் சொன்னான். அப்போது பாட்டி முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாராம், நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினாராம், இரண்டே நாளில் சரியாகிவிட்டதாம். ஊதிக் கொடுக்கும் ஒத்தடத்தால் பாதகமில்லை, அழுத்தாமல் இருந்தால். பூ, தாய்ப்பால், இலைச்சாறு எதையும் அடிபட்ட கண்ணில் விடாதீர்கள். வெண்விழி கிழிந்திருந்தால் கிருமி நேராக உள்ளே போகும்.

சரி, அன்றைக்கு என்ன செய்வார்கள்? பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். முக்கால் மணி நேரம் போகும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து எட்ட நின்று பார்ப்பார். இன்டைரக்ட் என்று சொல்வது இதைத்தான். இன்னொரு கையில் சிறு உலோகக் குச்சி இருக்கும். இமை மேல் அதை வைத்து அமுக்கி, உள்ளே ஓரத்தை மேடாக்கி, அந்த மேட்டைக் கடிகார முள் மாதிரி சுற்றிலும் நகர்த்துவார். மேல்மூலை வரும்போது "உச்சந்தலைப் பக்கம் பார்", கீழே வரும்போது "காலைப் பார்" என்பார். கொஞ்சம் உறுத்தும், கூச்சம் அதிகம் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

இந்தக் கருவியை இரண்டு கண்ணாலும் ஆழம் தெரியப் பார்க்கும்படி 1940களில் லண்டனில் வடிவமைத்தவர் மேலே சொன்ன அதே சார்லஸ் ஷெப்பன்ஸ். பெல்ஜியத்துக்காரர். அதற்கு முன் ஜெர்மானியரிடமிருந்து தப்பி, பிரான்ஸ் எல்லையில் பிரனீஸ் மலையடிவாரத்தில் பொய்ப் பெயரில் மர அறுவை ஆலை நடத்துவதாகக் காட்டிக்கொண்டு, ஆட்களை ரகசியமாக ஸ்பெயினுக்குக் கடத்திவிட்ட மனிதர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் அந்த விளக்கைத் தலையில் மாட்டும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

உள்ளே ரத்தம் மறைத்தால் பி-ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரிதான், மூடிய இமை மேல் வைத்து எடுப்பது. மாக்குலாவுக்கு, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படம். கண்ணின் வடிகால் கோணத்தையும் ஒரு கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் தேங்கிய கண்ணில் அந்தக் கோணம் கிழிந்திருந்தால் பத்து, இருபது வருஷம் கழித்துக்கூடக் கண் அழுத்தம் ஏறலாம். ஆகவே ரெட்டினா நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

வேறு சில காயங்களையும் எழுதிவைத்திருப்பார்கள், பயப்பட வேண்டாம். கமோஷியோ என்று இருந்தால் விழித்திரை அடியின் அதிர்ச்சியில் வெளுத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். 1873ல் ஜெர்மனியின் பெர்லின் என்ற மருத்துவர் விவரித்தது. அதற்கு மருந்து இல்லை, பெரும்பாலும் சில வாரங்களில் தானே தெளியும். மாக்குலாவில் பட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் குறை தங்கிவிடலாம். விழித்திரைக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டில் கிழிசல் இருந்தால், பிறை வடிவத் தழும்பின் ஓரத்தில் பின்னாளில் புது ரத்தக்குழாய் முளைக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு: கட்டம் போட்ட கணக்கு நோட்டை ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் உடனே வரவேண்டும். ஊசி மருந்தால் கட்டுப்படுத்தலாம். மாக்குலாவில் ஓட்டை விழுந்தால் பெரியவர்களுக்கு ஆபரேஷன்தான். சிறுவர்களுக்குச் சின்ன ஓட்டை தானே மூடிக்கொள்வதும் உண்டு என்பதால் ஒன்றிரண்டு மாதம் ஓ.சி.டி. எடுத்துப் பார்த்துக் காத்திருப்போம்.

இனி ஆபரேஷன். விளிம்பு பிரிந்திருக்கிறது, ஆனால் நீர் இன்னும் புகவில்லை என்றால் ஆபரேஷன் தியேட்டரே தேவைப்படாமல் போகலாம். பிரிந்த இடத்தைச் சுற்றி லேசரால் இரண்டு, மூன்று வரிசை சுட்டு வேலி கட்டிவிடுவார்கள். லேசர் எட்டாத ஓரமாக இருந்தால் வெளியிலிருந்து உறைய வைக்கும் கிரையோ. தழும்பு இறுகிப் பிடிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதுவரை ஓட்டம் சாட்டம் கூடாது. இப்போது போகச் சொல்வது இந்தக் கட்டத்தில் பிடித்துவிடலாம் என்பதற்காகத்தான்.

நீர் புகுந்து விழித்திரை விலகியிருந்தால், இந்த வயதுக்கும் இந்தக் காயத்துக்கும் முதல் தேர்வு பக்கிள் ஆபரேஷன். குழந்தை என்பதால் முழு மயக்கம் கொடுப்பார்கள். கருவிழியைச் சுற்றி மேல்தோலை மட்டும் விலக்கி, கண்ணை அசைக்கும் தசைகளில் நான்கைப் பட்டு நூலில் கோர்த்துப் பிடிப்போம். நூலை இழுத்தால் கண் நமக்கு வேண்டிய பக்கம் திரும்பும். பிறகு அதே தலைவிளக்கைப் போட்டு உள்ளே பார்த்தபடி, வெளியே கிரையோ முனையை வைத்து அழுத்த வேண்டும். கால் மிதியை மிதித்ததும் இரண்டு மூன்று நொடியில் கிழிசலின் விளிம்பில் பனி பூத்த மாதிரி வெள்ளை படரும். படர்ந்ததும் காலை எடுத்துவிட வேண்டும், அதிகம் உறையவிட்டால் கெடுதல். அடுத்து, கிழிசலுக்கு நேராக வெண்விழியின் மேல் ஒரு சிலிக்கான் துண்டை வைத்துத் தைப்போம். வெண்விழிச் சுவர் அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசி அதன் பாதிக் கனத்தில் படுத்தபடி ஓட வேண்டும், ஆழம் போனால் உள்ளே துளை. தையலை இறுக்கும்போது சுவர் உள்வாங்கி, பிரிந்த விழித்திரையை எதிர்கொண்டு போய்த் தாங்கும். திரை சுவருக்கு வராவிட்டால் சுவரைத் திரைக்குக் கொண்டுபோகிறோம். நீர் நிறைய இருந்தால் வெளியிலிருந்து ஒரு சிறு துளையிட்டு வடித்துவிடுவதும் உண்டு.

கண்ணுக்குள்ளே கை வைக்காத ஆபரேஷன் இது, அதுதான் இதன் அழகு. டயாலிசிஸ் விலகலில் பக்கிள் போட்டால் பத்தில் ஒன்பது கண்ணுக்கு மேல் ஒரே ஆபரேஷனில் ஒட்டிவிடும். பழைய விலகலாக இருந்தால் உள்ளே இருக்கும் கெட்டி நீர் வற்ற மாதக்கணக்கில் ஆகலாம், அதைப் பார்த்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிலிக்கான் துண்டு ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும், வெளியே தெரியாது. கிட்டப்பார்வை கொஞ்சம் கூடலாம். சிலருக்குச் சில காலம் இரட்டையாகத் தெரியும். அபூர்வமாகத் துண்டில் கிருமி சேர்ந்து எடுக்க வேண்டிவரும்.

விட்ரெக்டமி என்ற பெயரை இணையத்தில் அதிகம் பார்த்திருப்பீர்கள். மூன்று நுண்துளை வழியாக உள்ளே போய், கூழை வெட்டி உறிஞ்சி, விழித்திரையை ஒட்ட வைத்து, கேஸோ சிலிக்கான் ஆயிலோ நிரப்புவது. ராபர்ட் மாக்கமர் 1970ல் மயாமியில் தொடங்கிவைத்த அற்புதமான முறை. ராட்சதக் கிழிசல், கலையாத ரத்தம், மாக்குலா ஓட்டை, தழும்பு இழுத்துச் சுருக்கிய விழித்திரை இவற்றுக்கு அதுதான் வழி. ஆனால் 13 வயதுப் பையனின் எளிய டயாலிசிஸுக்கு அதை எடுத்ததும் சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் கூழ் விழித்திரையை விட்டுச் சுலபமாக உரிந்து வராது, உரிக்கப் போய்ப் புதுக் கிழிசல் விழலாம். கேஸ் போட்டால் லென்ஸ் கெட்டுக் கண்புரையும் வரலாம். பக்கிள் போட்டுப் பழகிய கைகள் குறைந்துவருகின்றன, உண்மை. அதனால் "டாக்டர், பக்கிள் போதுமா, இல்லை விட்ரெக்டமியா, ஏன்?" என்று கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்.

விட்ரெக்டமிதான் தேவை என்றால் இரண்டு விஷயம். கேஸ் மேலே மிதக்கும், ஆகவே ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துக் குப்புறவோ ஒருக்களித்தோ சில நாள் படுக்கச் சொல்வார்கள். அதில் ஏமாற்றினால் ஆபரேஷனே வீண். கேஸ் கரையும் வரை விமானமும் கூடாது, ஊட்டி, கொடைக்கானலும் கூடாது. இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறும். கேஸில் எஸ்.எஃப்.6 என்ற வகை என்றால் கரையச் சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஒன்றரை, இரண்டு மாதம். ஆயில் தானாகக் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை நிர்ணயிப்பது ஆபரேஷனைவிட நேரம்தான். மாக்குலா ஒட்டியிருக்கும்போதே பிடித்தால் இருக்கிற பார்வை அப்படியே நிற்கும். விலகியபின் என்றால் திரும்புவது நாளுக்கு நாள் குறையும். பிரிட்டனின் பிரதமராக இருந்த கார்டன் பிரவுனுக்கு 16 வயதில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் உதை பட்டு விழித்திரை விலகியது. பல ஆபரேஷன், இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கை என்று எல்லாம் செய்தும் இடது கண் போய்விட்டது. பின்னாளில் டென்னிஸ் ஆடும்போது வலது கண்ணிலும் அதே அறிகுறி வந்ததை அவரே உணர்ந்துகொண்டார். எடின்பரோவில் உடனே ஆபரேஷன் நடந்தது, அந்தக் கண் தப்பியது. முதல் தடவை பட்டவருக்குத்தான் அறிகுறி என்ன என்று தெரிந்திருந்தது, பாருங்கள்.

உங்கள் மருமகனிடம் அதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி, நான்கு மூலையிலும் விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். ஒரு மூலையில் தடுமாறினாலோ, மின்னல் வெட்டுவதாகவோ, கொசு பறப்பதாகவோ, புகை படர்வதாகவோ சொன்னாலோ அன்றே காட்டுங்கள். முதல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டர் இன்னும் ஒன்றிரண்டு முறை கூப்பிடுவார், அதையும் தவற விடாதீர்கள். செலவுதான் தயக்கம் என்றால், 1819ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. ஷட்டில் ஆட டாக்டர் அனுமதித்ததும் பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போகும், அதற்கு வெறுங்கண்ணே மேல்.

ஒரு சின்ன விஷயம். சொட்டு விட்டபின் அன்று முழுக்கக் கிட்டத்தில் எழுத்து கலங்கும், வெயில் கூசும். பள்ளியில் பரீட்சைக்கு முந்தின நாளாகப் பார்த்துக் கூட்டிப்போகாதீர்கள். திரும்பி வரும்போது அவனுக்கு ஒரு தொப்பி எடுத்துப்போங்கள்.